24 நாள் குஞ்சுகள் கால் மடங்கி உட்காருகின்றன – தாது உப்பு போட்டும் ஏன்?

கொட்டகைக்காரன் எழுதியது:

வணக்கம். 200 கறிக்கோழிக் குஞ்சுகள் விட்டேன், இன்றோடு 24 நாள். முதல் இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. 17ஆம் நாள் ஒரு குஞ்சு காலை இழுத்து இழுத்து நடந்தது. யாராவது மிதித்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். இப்போது 14 குஞ்சுகள் அப்படி இருக்கின்றன. சில ஒரு காலை வெளியே தள்ளி உட்கார்ந்திருக்கின்றன, சில இரண்டு மூட்டுகளையும் தரையில் ஊன்றித் தவழ்கின்றன. பசி நன்றாக இருக்கிறது, கண் பளிச்சென்று இருக்கிறது, கழிச்சல் இல்லை. இரண்டு செத்தும் போயின.

தீவனம் நானே கலக்கிறேன். சத்துக் குறைவாக இருக்குமோ என்று தாது உப்புக் கலவையும் சேர்த்திருக்கிறேன். அப்படியும் ஏன் இப்படி? கால்சியம் இன்னும் கூட்டலாமா?

---

மேய்ச்சல்காரர் எழுதியது:

தம்பி, குஞ்சுகளை வெளியே விடுங்கள். மண்ணைக் கிளறி, புழு பூச்சி தின்று, நாலு நாளில் தானாக எழுந்து ஓடும். என் கோழிகளுக்கு இருபது வருடமாக ஒரு பொடியும் போட்டதில்லை.

---

வெள்ளைக்கோட்டு எழுதியது:

கால்சியத்தைக் கூட்டுவதைத் தற்சமயம் நிறுத்தி வையுங்கள். முதலில் சில விஷயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். கால் நோய் எல்லாம் ஒன்றல்ல.

குஞ்சின் அலகைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்துங்கள். ரப்பர் போல வளைந்தால் எலும்பு மென்மையாகிற நோய். அது கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின் டி பக்கம் போகும். கெட்டியாக இருந்தால் அடுத்ததற்கு வாருங்கள்.

கால் விரல்கள் உள்நோக்கிச் சுருண்டு முஷ்டி போல இருக்கின்றனவா? இருந்தால் ரிபோஃப்ளேவின், அதாவது பி2 வைட்டமின் குறைவு.

ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டிப் படுத்திருக்கிறதா? அது மாரெக்ஸ் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். ஆனால் 24 நாளில் அந்தக் கோலத்தைப் பார்ப்பது அபூர்வம்.

கடைசியாக இது. குஞ்சைக் கவிழ்த்து இடக்கையில் பிடித்துக்கொண்டு, காலின் நடு மூட்டுக்குப் பின்பக்கம் வலது கட்டைவிரலை வைத்து மேலும் கீழும் தடவுங்கள். நல்ல குஞ்சில் மூட்டின் நடுவே ஒரு வடம் ஓடுவது விரலுக்குத் தட்டுப்படும். நொண்டும் குஞ்சில் அந்த வடம் நடுவில் இருக்கிறதா, பக்கத்தில் சரிந்து கிடக்கிறதா? முதலில் நாலைந்து நல்ல குஞ்சுகளைத் தடவிப் பழகிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வித்தியாசம் பிடிபடாது.

செத்ததை அறுத்துப் பார்த்தீர்களா?

---

கொட்டகைக்காரன் எழுதியது:

டாக்டர், நன்றி. எல்லாவற்றையும் பார்த்தேன்.

அலகு கெட்டி. விரல் சுருளவில்லை. வடத்தைத் தேடிப் பார்த்தேன். நல்ல குஞ்சில் பென்சில் முனை அளவுக்கு ஒரு நரம்பு நடுவில் இருக்கிறது, அழுத்தினால் நகராது. நொண்டும் குஞ்சில் நடுப்பகுதி வெறும் வழவழப்பாக இருக்கிறது. அந்த நரம்பு மூட்டின் பக்கத்தில் கிடக்கிறது. ஒன்றில் மெதுவாகத் தள்ளினேன், டக்கென்று நடுவுக்கு வந்தது; காலை மடக்கியதும் மறுபடி நழுவிவிட்டது. மூட்டும் வீங்கித் தட்டையாக இருக்கிறது.

செத்த இரண்டில் ஒன்றை அறுத்தேன். சிறுநீரகம் வெளுத்து வீங்கியிருந்தது, மேலே வெள்ளைக் கோடுகள். இதயத்தின் மேலே சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்தது போல வெள்ளைப் படலம். அது என்ன?

---

வெள்ளைக்கோட்டு எழுதியது:

இரண்டு கதை ஒன்றாக ஓடுகிறது போலிருக்கிறது.

நடு மூட்டில் வடம் நழுவுவதற்கு பெரோசிஸ் என்று பெயர், தசைநாண் நழுவல். கெண்டைக்கால் தசையின் நாண் மூட்டின் பின்னால் ஒரு பள்ளத்தில் ஓட வேண்டும். எலும்பு நீளவாக்கில் சரியாக வளராமல் குட்டையாகவும் தடித்தும் போனால் பள்ளம் ஆழமில்லாமல் போகும், மூட்டு திருகிக்கொள்ளும், நாண் சரிந்துவிடும். எலும்பு கெட்டியாகத்தான் இருக்கும். அலகை அழுத்தச் சொன்னது இதற்குத்தான். மாங்கனீசுப் பற்றாக்குறைதான் இதற்குப் பெயர் போன காரணம். கோலின், பயோட்டின், ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் வகைச் சத்துகள் குறைந்தாலும் வரும்.

அறுத்துப் பார்த்ததில் தெரிந்த வெள்ளை, யூரிக் அமில உப்பு. சிறுநீரகம் கெட்டால் அது உறுப்புகளின் மேல் படியும். தண்ணீர் கிடைக்காத குஞ்சிலும் வரும், சில வைரஸிலும் வரும். சின்ன வயதில் அளவுக்கு மீறிக் கால்சியம் கொடுத்தாலும் வரும்.

தீவனத்தில் என்னென்ன, எத்தனை கிலோ என்று அப்படியே போடுங்கள். தாது உப்பு மூட்டையில் அச்சிட்டிருப்பதையும் எழுதுங்கள்.

---

கொட்டகைக்காரன் எழுதியது:

100 கிலோவுக்கு:

மக்காச்சோளம் 60
சோயாப் புண்ணாக்கு 33
கல்தூள் (சுண்ணாம்புக்கல் தூள்) 4
டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) 2
தாது உப்புக் கலவை 1
இதற்கு மேல் உப்பு 300 கிராம், கோழிக்கான வைட்டமின் தூள் 50 கிராம்.

போன தடவை தவிடு 8 கிலோ போட்டிருந்தேன். தவிடு வெறும் நார், அதை எடுத்துவிட்டு நல்ல சரக்காகப் போடு என்று ஒருவர் சொன்னார். இந்தத் தடவை எடுத்துவிட்டேன். போன தடவை இந்தக் கால் பிரச்சினை இல்லை.

தாது உப்பு மூட்டையில்: கால்சியம் 20, பாஸ்பரஸ் 12, மெக்னீசியம் 5, துத்தநாகம் 0.80, இரும்பு 0.40, மாங்கனீசு 0.12, தாமிரம் 0.10, அயோடின் 0.026, கோபால்ட் 0.012. எல்லாம் சதவீதம்.

---

தவிட்டுக்குருவி எழுதியது:

தீவன ஆலையில் கலவைப் பக்கம் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். மூட்டையின் எண்களைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது, மன்னியுங்கள். தம்பி, அந்த மூட்டையில் மாட்டுப் படம் போட்டிருக்கிறதா?

இருக்கும். அது மாட்டுக்கான கலவை. கோபால்ட்டைப் பார்த்ததுமே தெரிந்தது. மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் கோபால்ட்டை வைத்து பி12 செய்துகொள்ளும். கோழிக்கு பி12ஐ நேராகவே கொடுத்துவிடுவோம்.

கணக்கைப் பாருங்கள். 100 கிலோவுக்கு 1 கிலோ போட்டால், 1 கிலோ தீவனத்தில் 10 கிராம் தாது உப்பு. அதில் 0.12 சதவீதம் மாங்கனீசு என்றால் 12 மில்லிகிராம். மக்காச்சோளத்தில் மாங்கனீசு மிகக் குறைவு, கிலோவுக்கு ஏழு மில்லிகிராம் வாக்கில். சோயாவில் முப்பது, முப்பத்தைந்து. இரண்டும் சேர்ந்து உங்கள் கலவையில் 16 வரை வரும். மொத்தம் 28. கல்தூளிலும் டிசிபியிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும், அதை நம்ப வேண்டாம். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 1994இல் வெளியிட்ட அட்டவணையில் கறிக்கோழிக்கு 60 மில்லிகிராம். பாதிகூட இல்லை.

இன்னொன்று பாருங்கள். அதே மூட்டையில் துத்தநாகம் 80 மில்லிகிராம் வருகிறது. அட்டவணை கேட்பது 40. தாமிரம் 10, கேட்பது 8. ஆக, "தாது உப்பு குறைவு" என்று மொத்தமாகச் சொல்வதில் அர்த்தமில்லை. துத்தநாகமும் தாமிரமும் போதுமான அளவு இருக்கின்றன, மாங்கனீசுதான் பற்றவில்லை. கோழியின் குடல் மாங்கனீசை மிகக் கஞ்சத்தனமாக உறிஞ்சும், அதனால்தான் பாலூட்டிகளைவிடக் கோழிக்கு அது அதிகம் வேண்டியிருக்கிறது. மாட்டுக் கலவை செய்தவர் மேல் தப்பே இல்லை.

இப்போது கால்சியம். கல்தூள் 4 கிலோவில் 38 சதவீதம் என்றால் 1.52. டிசிபியில் 0.46. தாது உப்பில் 0.2. மொத்தம் 2.2 சதவீதம்! குஞ்சுக்கு வேண்டியது சுமார் 1. அந்த 4 கிலோ கல்தூள் எங்கிருந்து வந்தது?

---

கொட்டகைக்காரன் எழுதியது:

முட்டைக்கோழி வைத்திருக்கும் ஒருவரின் அளவு அக்கா. அவர் எட்டு கிலோ போடுகிறார், நான் குஞ்சுதானே என்று பாதியாக்கினேன்.

ஆமாம், மாட்டுப் படம்தான். வீட்டில் ஒரு பசு இருக்கிறது, அதற்கு வாங்கியது.

---

தவிட்டுக்குருவி எழுதியது:

முட்டையிடும் கோழி ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் இரண்டு கிராமுக்கு மேல் கால்சியத்தை வெளியே தள்ளுகிறது, அதற்கு எட்டு கிலோ தாங்கும். குஞ்சுக்குத் தள்ள வழி சிறுநீரகம்தான். நீங்கள் கேட்ட வெள்ளைப் படலத்துக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

மிச்சக் கால்சியம் சும்மாவும் இருக்காது. குடலில் பாஸ்பேட்டோடு சேர்ந்து படியும்போது மாங்கனீசையும் பிடித்துக்கொண்டு போய்விடும். இருக்கிற 28இலும் எவ்வளவு உள்ளே போனதோ! இது பழைய கதை. 1930களில் கோழிகளைக் கொட்டகைக்குள் அடைத்து வளர்க்கத் தொடங்கியபோது இந்தக் கால் நோய் பெருகியது. எலும்புத்தூள், சுண்ணாம்பு கூடினால் நோய் கூடுகிறது என்று கண்டார்கள், ஏன் என்றுதான் தெரியவில்லை. 1936இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வில்கஸ், நாரிஸ், ஹியூசர் மூவரும் மாங்கனீசைச் சேர்த்து நோயைத் தடுத்துக் காட்டினார்கள். 90 வருடம் ஆகிறது, நாம் இன்னும் எலும்பு என்றதும் கால்சியத்தைத்தான் அள்ளிக் கொட்டுகிறோம்.

---

மேய்ச்சல்காரர் எழுதியது:

அப்படியானால் நான் சொன்னதுதானே! மண்ணில் மாங்கனீசு இருக்கிறது, அடைத்து வைத்ததால்தான் நோய்.

---

தவிட்டுக்குருவி எழுதியது:

பாதி சரி ஐயா. மேயும் கோழி மண், பூச்சி, கீரை, விதை என்று நாலு இடத்தில் பொறுக்குவதால் ஏதாவது ஒன்று குறைந்தாலும் இன்னொன்று ஈடுகட்டும். மெதுவாகவும் வளரும், தேவை கம்மி. தம்பியின் குஞ்சு நாலு வாரத்தில் ஒன்றரை கிலோ ஆகிற இனம். தட்டில் போடுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. இப்போது வெளியே விட்டாலும் நொண்டும் குஞ்சு கிளறாது, பருந்துக்குத்தான் போகும்.

தவிடு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தவிட்டில் கிலோவுக்கு நூறு மில்லிகிராமுக்கு மேல் மாங்கனீசு இருக்கும். எட்டு கிலோ போட்டபோது கிலோ தீவனத்துக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு மில்லிகிராம் வந்திருக்கும். தம்பி அதை எடுத்தார், போன தடவை நூலிழையில் தப்பியது இந்தத் தடவை விழுந்துவிட்டது. தம்பி, "வெறும் நார்" என்று சொன்னவரை என் சார்பில் விசாரியுங்கள்.

---

அரைமூட்டை எழுதியது:

இதற்கெல்லாம் நிரந்தரத் தீர்வு ஆர்கானிக் தாதுக்கள். சல்பேட் எல்லாம் பழைய காலம். அமினோ அமிலத்தோடு பிணைத்த கீலேட் மாங்கனீசு, கீலேட் துத்தநாகம் போட்டால் 100 சதவீதம் உறிஞ்சும். கால் நோயே வராது. வேண்டுமானால் தனிச்செய்தியில் பேசலாம். (நான் இந்தத் துறையில் விற்பனையில் இருக்கிறேன், மறைக்கவில்லை.)

---

தவிட்டுக்குருவி எழுதியது:

மறைக்காததற்கு நன்றி. 100 சதவீதம் என்பதை மட்டும் வாபஸ் வாங்குங்கள். அப்படி எந்தத் தாதுவும் கோழிக்குள் போவதில்லை.

நியாயமான பகுதி இருக்கிறது. தானியத்திலும் புண்ணாக்கிலும் ஃபைட்டிக் அமிலம் உண்டு. அது துத்தநாகம் போன்றவற்றை இறுக்கிப் பிடித்து எச்சத்தோடு வெளியே கொண்டுபோய்விடும். பிணைத்த தாது அந்தப் பிடியிலிருந்து ஓரளவு தப்பும். அதனால் குறைந்த அளவு போட்டாலும் வேலை நடக்கும், எச்சத்தில் வீணாவது குறையும். எச்சத்தை உரமாகப் போடும் நிலத்தில் துத்தநாகமும் தாமிரமும் சேர்ந்துகொண்டே போவது பெரிய தலைவலி. ஐரோப்பிய ஒன்றியத்தில் கோழித் தீவனத்தில் மொத்தத் துத்தநாகம் கிலோவுக்கு 120 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று வைத்திருப்பது இதற்காகத்தான். தாய்க்கோழி, வெயில் காலம், வயதான முட்டைக்கோழி ஆகியவற்றில் கீலேட்டின் பலன் தெரிவதை நானும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் கால்சியம் 2.2 இருக்கும் தீவனத்தில் விலை உயர்ந்த மாங்கனீசைப் போடுவது, ஓட்டை வாளியில் இளநீர் ஊற்றுகிற மாதிரி. முதலில் கல்தூள்.

சல்பேட்டைப் பழசு என்று தள்ள வேண்டாம். ஒதுக்க வேண்டியது சில ஆக்சைடுகள். தாமிர ஆக்சைடு மூட்டையில் எண்ணைக் காட்டும், கோழிக்குள் ஏறக்குறைய ஒன்றும் போகாது. மாங்கனீசு ஆக்சைடும் சல்பேட்டைவிட மட்டம்தான். "தாமிரம் இத்தனை சதவீதம்" என்று மட்டும் போட்டிருந்தால், எந்த உப்பிலிருந்து என்று கேளுங்கள். சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.

---

ஓட்டைமுட்டை எழுதியது:

இழையைக் கொஞ்சம் திருப்புகிறேன், மன்னிக்கவும். என் முட்டைக்கோழிகளுக்கு 72 வாரம். ஓடு மெலிந்து நூற்றுக்கு எட்டு, ஒன்பது உடைகின்றன. மாங்கனீசும் துத்தநாகமும் ஓட்டுக்கு நல்லது என்று படித்தேன். அளவை இரட்டிப்பாக்கலாமா?

---

தவிட்டுக்குருவி எழுதியது:

இரட்டிப்பு வேண்டாம்.

ஓடு செய்ய கார்பனேட் வேண்டும். அதைத் தயாரிக்கும் நொதிக்குள் துத்தநாகம் இருக்கிறது. ஓட்டின் அடியில் இருக்கும் ஜவ்வு இறுகப் பின்னத் தாமிரம் வேண்டும். ஜவ்வின் மேல் ஓட்டுக்கு அடித்தளம் போடும் சர்க்கரைச் சங்கிலிகளைக் கோக்க மாங்கனீசு வேண்டும். குஞ்சின் குருத்தெலும்பிலும் இதே கோக்கும் வேலைதான் நின்றுபோகிறது. ஆகவே படித்தது சரி. ஆனால் இவை கொத்தனாரின் கரண்டி மாதிரி. கரண்டி இல்லாவிட்டால் சுவர் எழாது. இரண்டு கரண்டி வைத்தால் இரண்டு சுவர் எழாது.

72 வாரக் கோழியின் முட்டை பெரிதாகிவிட்டது, ஓட்டுக்குப் போகிற சுண்ணாம்பு அவ்வளவேதான். பலூனை ஊதினால் மெலிவது போல மெலியும். கிளிஞ்சலையோ கல்லையோ மாவாகப் போடுகிறீர்களா, குருணையாகவா? ஓடு பெரும்பாலும் இரவில் உருவாகிறது. குருணை அரைவைப்பையில் தங்கி மெதுவாகக் கரைந்து இரவு முழுக்கச் சுண்ணாம்பு தரும். மாவு சாயங்காலத்துக்குள் போய்விடும். பாதியாவது குருணையாக மாற்றுங்கள். வெயிலில் கோழி மூச்சிரைத்தாலும் ஓடு மெலியும்.

துத்தநாகத்தை அளவில்லாமல் கூட்டினால் என்ன ஆகும் தெரியுமா? கிலோவுக்கு 20 கிராம் துத்தநாகம் வரும்படி துத்தநாக ஆக்சைடு கலந்து, கோழியின் முட்டையை வேண்டுமென்றே நிறுத்தும் முறையே உண்டு. தீனியைத் தொடாது, இறகு உதிர்க்கும், முட்டை சில நாளில் நிற்கும். அது நூற்றுக்கணக்கான மடங்கு என்பது வாஸ்தவம். ஆனாலும் "சத்துதானே" என்று அள்ளுபவர்களிடம் இதைச் சொல்லி வைப்பேன்.

---

பொரிப்பகத்தான் எழுதியது:

குஞ்சு பொரிக்கும் இடத்தில் வேலை. மாங்கனீசு பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். குஞ்சுகளிடம் தெரிவதற்கு முன்பே பொரியாத முட்டையில் தெரியும். ஒருமுறை ஒரே தாய்க்கோழிக் கூட்டத்திலிருந்து வந்த முட்டைகளில் கடைசி மூன்று நாளில் செத்தவை ஏகமாக இருந்தன. உடைத்துப் பார்த்தால் கரு முழுதாக வளர்ந்திருக்கிறது, ஆனால் கால் குட்டை, இறக்கை குட்டை, தலை உருண்டை, மேல் அலகு கிளி மூக்கு மாதிரி கீழே வளைந்திருக்கிறது. பத்து முட்டை உடைத்ததில் நாலு இப்படி. வெப்பத்தைக் குறை சொல்லி இரண்டு வாரம் இயந்திரத்தை நோண்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் தாய்க்கோழித் தீவனத்தில் தாதுக்கலவை ஒரு தடவை விடுபட்டுப் போனது தெரிந்தது. முட்டைக்குள் தாய் வைத்ததுதான் கருவுக்கு. நடுவில் யாரும் ஊட்ட முடியாது.

அயோடின் குறைந்தால் பொரிப்பு தாமதமாகும், தொப்புள் சரியாக மூடாது.

---

கொட்டகைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இப்போது என்ன செய்ய? இருக்கிற 60 கிலோ தீவனத்தைத் தூக்கிப் போடுவதா? அப்புறம், எதிர்ப்பு சக்திக்கு செலினியம் நல்லது என்கிறார்கள். என் மூட்டையில் அது இல்லவே இல்லை. கொஞ்சம் வாங்கிக் கலக்கட்டுமா?

---

வெள்ளைக்கோட்டு எழுதியது:

செலினியத்தைத் தனியாக வாங்கி வீட்டில் கலக்காதீர்கள். இதில் விளையாட்டு இல்லை.

நீண்ட காலம் அது விஷமாக மட்டுமே அறியப்பட்டது. செலினியம் மிகுந்த மண்ணில் மேய்ந்த கால்நடைகளுக்குக் குளம்பு கழன்றது. 1957இல்தான் அது சிறிதளவு அவசியம் என்று தெரிந்தது. எலியிலும் கோழிக்குஞ்சிலும் அதே வருடம். செலினியமும் வைட்டமின் ஈயும் குறைந்த குஞ்சுக்கு நெஞ்சுத் தோலுக்கு அடியில் நீலப் பச்சையாக நீர் கோத்துக்கொள்ளும். இறகை விலக்கினால் மை கொட்டியது போலத் தெரியும், ஊசி குத்தினால் ஒழுகும். செலினியம் அதைத் தடுக்கிறது. உடம்பில் கொழுப்பு கெட்டுச் செல் சவ்வு ஓட்டையாகாமல் காக்கும் ஒரு நொதிக்குள் அது இருக்கிறது என்பது 1973இல் தெளிவானது. அமெரிக்காவில் கோழித் தீவனத்தில் சேர்க்க அனுமதி வந்ததே 1974இல்தான்.

தேவை கிலோவுக்கு 0.15 மில்லிகிராம். சேர்ப்பது வழக்கமாக 0.3 வரை. ஐந்தைத் தொட்டால் பொரிப்பு விழும், கரு கோணல்மாணலாகும். 1983இல் கலிபோர்னியாவின் கெஸ்டர்சன் நீர்த்தேக்கத்தில் வயல் வடிகால் நீரோடு வந்த செலினியத்தால் நீர்ப்பறவைக் குஞ்சுகள் கண்ணில்லாமல், அலகு கோணி, கால் இல்லாமல் முட்டைக்குள்ளேயே கிடந்தன. ஒரு டன் தீவனத்துக்கு 0.3 கிராம் செலினியம் வேண்டுமென்றால் சோடியம் செலினைட் முக்கால் கிராம்கூட வராது. உங்கள் 100 கிலோவுக்கு? எந்தத் தராசு அதை நிறுக்கும்? ஏற்கெனவே நீர்த்துச் செய்த கோழிக் கலவையில் வருவதை அப்படியே போடுங்கள், போதும்.

உங்கள் குஞ்சுகளுக்கு நீல நீர் இல்லை. இப்போதைய அவசரம் அதுவல்ல.

---

தவிட்டுக்குருவி எழுதியது:

60 கிலோவைத் தூக்கிப் போட வேண்டாம். மக்காச்சோளமும் சோயாவும் தவிடும் மட்டும் கொண்டு, கல்தூளும் மாட்டுத் தாதுவும் இல்லாமல் இன்னொரு 60 கிலோ கலந்து, இரண்டையும் சேர்த்துவிடுங்கள். கால்சியம் பாதியாகிவிடும். அடுத்த 100 கிலோவுக்குக் கல்தூள் 1.2 கிலோ, டிசிபி 2 கிலோ. தவிடு 5 கிலோ திரும்பி வரட்டும்.

கோழிக்கான தாதுக்கலவை கிடைக்கும்வரை மாங்கனீசு சல்பேட் மட்டும் தனியாகப் போடலாம், அதில் செலினியம் மாதிரி ஆபத்து இல்லை. ஒற்றை நீர் சல்பேட்டில் 32 சதவீதம் மாங்கனீசு. கிலோவுக்கு 60 மில்லிகிராம் என்றால் 100 கிலோவுக்கு 6 கிராம் மாங்கனீசு. 6ஐ 0.32ஆல் வகுத்தால் 19 கிராம் உப்பு. வெளிர் ரோஜா நிறத் தூள், ஒரு பெரிய கரண்டி.

19 கிராமை 100 கிலோ மேல் தூவி மண்வெட்டியால் புரட்டினால் கலந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஒரு குஞ்சு ஒரு நாளைக்குச் சுமார் நூறு கிராம்தான் தின்னும், அந்த நூறு கிராமில் அதன் பங்கு இருந்தாக வேண்டும். முதலில் 19 கிராமை 200 கிராம் மக்காச்சோள மாவில் உள்ளங்கையால் தேய்த்துக் கலக்குங்கள், ரோஜாப் புள்ளி தெரியாத வரை. அதை ஒரு கிலோவில். அதை ஐந்து கிலோவில். அப்புறம்தான் 100 கிலோவில். சோம்பல்பட்டு ஒரு படியைத் தாண்டினீர்கள் என்றால் நான்கு குஞ்சு நிறையத் தின்னும், நாற்பது குஞ்சு ஒன்றும் தின்னாது.

உங்கள் வைட்டமின் தூளைத் தாது உப்போடு ஒரே டப்பாவில் கலந்து வைத்திருக்கிறீர்களா? சல்பேட்டும் ஈரமும் சேர்ந்தால் வைட்டமின் மெதுவாகச் செத்துப்போகும். கோலின் குளோரைடு ஈரத்தை இழுக்கும், அது இன்னும் மோசம். தனித்தனியாக வைத்துக் கலக்கிற அன்று சேருங்கள்.

---

கொட்டகைக்காரன் எழுதியது:

ஒரே டப்பாதான் அக்கா. எப்படித் தெரிந்தது?

---

தவிட்டுக்குருவி எழுதியது:

எல்லோரும் ஒரே டப்பாதான்.

---

ஓட்டைமுட்டை எழுதியது:

ஒரு சின்னக் கேள்வி. மயில்துத்தம் தண்ணீரில் போட்டால் கோழி நன்றாக வளரும் என்று கேள்விப்பட்டேன். தாமிரம்தானே?

---

வெள்ளைக்கோட்டு எழுதியது:

தாமிரம்தான். அதிக அளவில் குடல் கிருமிகளை அடக்கி வளர்ச்சியைக் கூட்டும் என்பதும் உண்மை, தேவையைப்போல பதினைந்து, இருபது மடங்கு போட்டால். அந்த அளவைத் தாண்டினால் அரைவைப்பையின் உள்தோல் வெந்து உரியும், ஃபைட்டிக் அமிலத்தை உடைக்கும் ஃபைட்டேஸ் நொதியின் வேலையும் கெடும். தகரத் தொட்டியையும் அரிக்கும். முட்டைக்கோழிக்கு வேண்டவே வேண்டாம்.

---

கொட்டகைக்காரன் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

தீவனத்தை மாற்றிய பிறகு ஐந்து நாள் வரை இன்னும் மூன்று குஞ்சு விழுந்தன. அதோடு நின்றது. ஏற்கெனவே நரம்பு நழுவியவை எழவில்லை. இரண்டை நடுவுக்குத் தள்ளித் துணிப்பட்டை சுற்றிப் பார்த்தேன். ஆரம்பத்திலேயே பிடித்த ஒன்று நடக்கிறது, மற்றது நழுவிவிட்டது. மிச்சத்தைத் தனியாக வைத்து, தீனித் தட்டைத் தரைக்குப் பக்கத்தில் வைத்தேன். சில தேறி எடை போட்டன, சிலவற்றைக் கழிக்க வேண்டியதாயிற்று. வெள்ளைப் படலத்தோடு இன்னும் ஒன்று செத்தது, பிறகு இல்லை.

பழைய தீவனத்தை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். கால்சியம் 2.1 என்று வந்தது. அக்கா கணக்கு 2.2. மாங்கனீசுக்குத் தனிச் சோதனை என்றார்கள், விட்டுவிட்டேன்.

தவிடு "வெறும் நார்" என்று சொன்னவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படியா, அப்போ எண்ணெய்ப் புண்ணாக்கைக் குறை" என்றார்.

---

மேய்ச்சல்காரர் எழுதியது:

அந்த ஆளிடம் இனிப் போகாதீர்கள். மாட்டு மூட்டையை என்ன செய்தீர்கள்?

---

கொட்டகைக்காரன் எழுதியது:

பசுவுக்கே போட்டுக்கொண்டிருக்கிறேன் ஐயா. நன்றாகத்தான் இருக்கிறது.